பின்சுவர்

வேலூர், சத்துவாச்சாரி
13 ஆகஸ்ட் 2024

நசீர் பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் போனை எடுப்பதில்லை. நேற்று அம்பரீன் பாபியின் நம்பருக்குப் போட்டேன். "உங்க அண்ணன் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. இப்ப வேணாம் ஆஃப்ரீன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் உருது பேசினாலும் நம் இருவருக்கும் எழுத வருவது நகராட்சிப் பள்ளித் தமிழ் மட்டும்தான். கிழித்துப் போடுவதானால் படித்த பிறகு கிழியுங்கள்.

நீங்கள் கூப்பிட்டுத்தான் சனிக்கிழமை ஆம்பூர் வந்தேன். மிஷின் வாங்கிய கடனுக்கு வீட்டை ஈடு வைத்திருக்கிறீர்கள். அதனால் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்கிறது பேங்க். பார்வையிட வந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் மாடியில் தையல் மிஷின்களைப் பார்த்துவிட்டு, கட்டடம் உறுதியானது என்று ஒரு இன்ஜினியர் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுவிட்டார். உங்கள் தங்கை இன்ஜினியர். ஒரு கையெழுத்துதானே என்று நீங்கள் நினைத்ததில் தப்பு இல்லை. நானும் வரும் வழியெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பின்சுவரைப் பார்க்கும்வரை.

அப்பா கட்டியது ஒரே தளம் உள்ள சின்ன வீடு. பின்சுவரை மண்சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார். தன் கூரையைத் தவிர வேறு பாரம் தாங்கும் என்று அவர் அதைக் கட்டவில்லை. அதன் தலையில் நீங்கள் மாடி ஹாலை ஏற்றிவிட்டீர்கள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற மிஷின்கள், தோல் கட்டுகள், வேலை செய்யும் பெண்கள் என்று எல்லாப் பாரமும் அந்தச் சுவரின் மேல்தான் இருக்கிறது. மாடிக் குளியலறைக் குழாய் ஒழுகி, அந்தத் தண்ணீர் அதே சுவருக்குள் இறங்குகிறது. கீழே ஓதம் பிடித்த இடத்தில் செங்கல் என் கையோடு உதிர்ந்து வந்தது. ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஓடும் விரிசலில் என் சுண்டுவிரல் நுழைந்தது. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தேன். சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அது சாய்ந்திருக்கும் பக்கத்தில்தான் ஷீட் போட்ட பின்போர்ஷனில் கிருபானந்தமும் ஜெபகனியும் அவர்கள் மகள் அக்சாவும் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இன்னொன்று. மாடிப்படிக்கு அடியில் தோல் ஒட்டும் சொல்யூஷன் டின்களை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். குடியிருக்கும் வீடு என்று பாலிசி எடுத்துவிட்டு உள்ளே யூனிட் நடத்தினால், நாளைக்குத் தீப்பிடித்தாலும் எந்தக் கம்பெனியும் பணம் கொடுக்காது.

நான் பார்த்ததை அப்படியே கடிதமாக எழுதினேன். நகலை முதலில் உங்கள் கையில்தான் கொடுத்தேன். நீங்கள் நின்றபடியே முழுவதும் படித்தீர்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பஸ் இருக்கும், கெளம்பு" என்றீர்கள். பாபி எனக்காக வைத்த டீ அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படி நீங்கள் என்னை அனுப்பியது இதுதான் முதல் தடவை.

அந்தக் கடிதத்தை நான் கம்பெனிக்கும் அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடாதது கோபத்தில் அல்ல. ஐப்பசி மழைக்கு முன்னால் பின்போர்ஷனைக் காலி செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உங்கள் தங்கை,
ஆஃப்ரீன்


ஆம்பூர்
2 செப்டம்பர் 2024

ஆஃப்ரீன்,

வ அலைக்கும் ஸலாம். கிழிக்கவில்லை. உன் பாபி பீரோவில் வைத்திருக்கிறாள்.

நன்றாக எழுதுகிறாய். உன்னைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஆம்பூரில் எந்த வீட்டில் தூக்குக் குண்டு விட்டால் சுவர் நேராக நிற்கும்? நம் தெருவில் மாடிமேல் மாடி எடுத்தவர்கள் எல்லோரும் இன்ஜினியரைக் கேட்டுவிட்டா எடுத்தார்கள்? எல்லா வீட்டிலும் மிஷின் ஓடுகிறது. எல்லா வீட்டிலும் சொல்யூஷன் டின் இருக்கிறது. உன் கண்ணுக்கு உன் அண்ணன் வீடு மட்டும்தான் தெரிந்தது.

உன் கடிதம் போய்ச் சேர்ந்ததும் கம்பெனி முடியாது என்று சொல்லிவிட்டது. பேங்க் மேனேஜர் என்னை நிற்க வைத்துப் பேசினார். பக்கத்தில் நாற்காலி இருந்தது, உட்கார் என்று சொல்லவில்லை. "இன்னா பாய், உங்க சொந்தத் தங்கச்சியே எழுதிக் குடுத்துச்சாமே" என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீயே சொல்.

சரி, அது முடிந்தது. வேறு கம்பெனியில் பாலிசி வந்துவிட்டது. ஏஜென்ட்டே ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெயர் வேதாசலம். பைக்கை விட்டு இறங்காமலே வாசலைப் போட்டோ எடுத்தார். மாடி ஏறாமலே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏறச் சொல்லி நானும் கூப்பிடவில்லை. அவர் வருவதற்கு முன்பே மேஸ்திரியை வைத்து விரிசலை அடைத்துப் பூசிவிட்டேன். இளம்பச்சை பெயின்டும் அடித்தாயிற்று. இப்போது வந்து பார்த்தால் விரல் வைக்க இடம் தேடுவாய்.

ஜெபகனி குடும்பத்தைக் காலி செய் என்கிறாய். எங்கே போவார்கள்? அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனி பஸ் நம் வாசலிலேயே நிற்கிறது. கிருபா போகும் டேனரி நடக்கிற தூரம். இந்த வாடகைக்கு வேறு எங்கே கிடைக்கும்? அவர்களே கேட்காததை நீ கேட்கிறாய்.

அப்பா மௌத்தான வருஷம் நான் ப்ளஸ் டூ பரீட்சை எழுதாமல் தோல் வெட்டும் மேஜைக்குப் போனேன். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். இந்த வீட்டு மிஷின் ஓடித்தான் நீ காலேஜ் போனாய். நீ அளந்து பார்த்த சுவர் அது.

இனிமேல் எழுதாதே. எழுதினாலும் வீட்டைப் பற்றி எழுதாதே.

நசீர்


வேலூர்
15 செப்டம்பர் 2024

பாய்ஜான்,

வீட்டைப் பற்றி எழுதாதே என்றீர்கள். எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

நீங்கள் படிப்பை விட்டதை நான் மறந்ததே இல்லை. சொல்லிக்காட்டுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தக் கடனை இந்தக் கையெழுத்தில் என்னால் கழிக்க முடியாது.

புது பாலிசிக்கான படிவத்தில், "இதற்கு முன் எந்தக் கம்பெனியாவது மறுத்ததா?" என்று ஒரு கேள்வி இருந்திருக்கும். இல்லை என்றுதான் ஏஜென்ட் நிரப்பியிருப்பான். யூனிட் நடப்பதையும் எழுதியிருக்கமாட்டான். அப்படி வாங்கிய பாலிசி உங்களைக் காப்பாற்றாது பாய்ஜான். நாளைக்கு ஏதாவது நடந்தால் முதலில் தோண்டுவது இதைத்தான். பேங்குக்குக் காட்ட ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பூசியதைச் சொல்கிறீர்கள். அந்தச் சுவர் இன்றைக்கும் அதே சாய்வில்தான் நிற்கிறது. முன்பு விரிசல் அகலமாகிறதா என்று பார்த்துக்கொண்டாவது இருக்கலாம். இப்போது அதுவும் போய்விட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் ஜெபகனிக்குப் போன் செய்தேன். மழைக்கு முன்னால் வேறு வீடு பாருங்கள் என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இன்னாக்கா இப்படிப் பயப்படுறீங்க? பாய்தான் செவுரெல்லாம் பூசிக் குடுத்துட்டாரே. இப்பத்தான் வூடு வூடு மாதிரி இருக்குது. நீங்க ஒரு நாள் வந்து பாருங்க."

"பூசினா மட்டும் போதாது ஜெபகனி. உள்ள வலு இல்ல."

"பாய்க்குத் தெரியாததாக்கா? நம்மள வுட்டுக் குடுப்பாரா அவரு?"

வீட்டுக்காரர் நீங்கள். நீங்கள் சொன்னால்தான் அவள் நம்புவாள்.

உங்களால் இப்போது காலி செய்ய முடியாது என்றால், குறைந்தபட்சம் சுவருக்கு முட்டுக் கொடுக்க விடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரியை அடுத்த வாரம் அனுப்புகிறேன். இரும்புக் குழாய்களை அவரே கொண்டுவருவார். செலவு என்னுடையது. மாடியில் இருக்கும் தோல் கட்டுகளை மட்டும் கீழே இறக்கி வையுங்கள். இதையாவது செய்யுங்கள்.

ஆஃப்ரீன்


ஆம்பூர்
4 அக்டோபர் 2024

ஆஃப்ரீன்,

உன் மேஸ்திரி வந்தார். டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சுவருக்குக் குழாய் முட்டுக் கொடுத்து நிறுத்தினால் தெருவுக்கே தெரியும். இன்சூரன்ஸ் ஆள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பான் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறான். முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்தால் என்ன ஏது என்று கேட்பான். பாலிசி போனால் பேங்க் மறுபடி ஆரம்பிக்கும். கையில் ஆர்டர் இருக்கிறது. பொங்கல் கழித்து மிஷின்களை வேறு ஷெட்டுக்கு மாற்றலாம் என்று இருக்கிறேன். அப்போது சுவரையும் இடித்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஜெபகனியைப் பயமுறுத்தாதே. இரண்டு நாள் என்னிடம் வந்து வந்து கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உன் பாபி உன்னைக் கேட்டாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

நசீர்


வேலூர்
5 டிசம்பர் 2024

பாய்ஜான்,

நேற்று கல்லறைத் தோட்டத்தில் உங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். நீங்கள் தள்ளிப் போய்விட்டீர்கள். என்னைப் பார்க்கவே கூடாது என்று இருந்தீர்களா, யாரையுமே பார்க்க முடியவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் அப்போதே சொன்னேனே என்று எழுத உட்காரவில்லை. அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்தால் அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டாம். ஜெபகனி போய்விட்டாள் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

பாபி எல்லாவற்றையும் சொன்னார்கள். சனிக்கிழமை முழுக்க விடாமல் மழை. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கொஞ்சம் விட்டிருக்கிறது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகப் போயிருந்த அக்சாவைச் சர்ச்சிலிருந்து கூட்டிவரக் கிருபானந்தம் கிளம்பியிருக்கிறார். ஜெபகனி சோற்றை வடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். பாபி கொல்லையில் துணி எடுக்கப் போனபோது, "மழ வுட்டுச்சு பாபி, எடுக்காதீங்க, காயட்டும்" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாளாம். பாபி துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். அடுப்படியை எட்டுவதற்குள் சத்தம். மாடி ஹாலில் பாதி, சுவரோடு சேர்ந்து, பின்போர்ஷன் மேல் இறங்கியிருக்கிறது. ஞாயிறு என்பதால் மேலே தைக்கும் பெண்கள் யாரும் இல்லை. அதற்கு நன்றி சொல்லலாமா என்றுகூட எனக்குப் புரியவில்லை.

நீங்கள் வெறுங்கையால் செங்கல்லை இழுத்துப் போட்டீர்களாம். நகமெல்லாம் போய்விட்டது என்றார்கள். கையை டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இடிபாட்டில் ஆணியும் துருவும் இருக்கும்.

அக்சா பாட்டுப் பழக உடுத்திக்கொண்டு போன அதே வெள்ளைப் பாவாடையோடு சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றாள். யாரும் மாற்றிவிடவில்லை. மாற்றிவிடத் துணியும் இல்லை, எல்லாம் உள்ளே இருக்கிறது.

வீட்டின் முன்பக்கமும் இனி பத்திரம் இல்லை. நீங்களும் பாபியும் இங்கே வந்துவிடுங்கள். என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஒன்றும் பேச வேண்டாம். வந்து இருங்கள்.

ஆஃப்ரீன்


ஆம்பூர்
14 டிசம்பர் 2024

ஆஃப்ரீன்,

உன் பாபி வீட்டார் கொடுத்த ஒரு அறையில் இருக்கிறோம். வேலூருக்கு வரவில்லை.

கை பரவாயில்லை. ஊசி போட்டாயிற்று. எழுத்து கோணலாக இருக்கும்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். இதைக் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கிளெய்ம் போட்டிருக்கிறேன். நஷ்டத்தை மதிப்பிட அருணகிரி என்று ஒரு சர்வேயரை அனுப்பினார்கள். நல்ல மனுஷன்தான். இடிந்த இடத்தில் ரொம்ப நேரம் குனிந்து குனிந்து பார்த்தார். பச்சை பெயின்ட் பூச்சு ஒட்டியிருந்த செங்கற்களைத் தனியாக எடுத்து வைத்துப் போட்டோ எடுத்தார். பழைய கம்பெனியில் விசாரித்திருக்கிறார். உன் கடிதம் அவர் கையில் இருக்கிறது. உன்னைப் பார்க்க வருவார். அந்தக் கடிதம் வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்பார். எல்லாம் அதில்தான் நிற்கிறது என்று ஏஜென்ட் சொல்கிறான். எனக்குத் தெரியாது என்று ஆகிவிட்டால், மழையால் இடிந்தது என்று முடித்துவிடலாமாம்.

நகல் எனக்குக் கொடுக்கவில்லை என்று சொல். கம்பெனிக்கு மட்டும் அனுப்பினேன் என்று சொல். ஒரு வார்த்தை.

எனக்காக என்று நினைக்காதே. வீடு போனது போனதுதான். அந்தப் பாலிசியில் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஏதாவது ஆனால் கொடுக்க ஒரு பகுதி இருக்கிறது. அது கிருபாவுக்குப் போகும். மழைச் சாவு என்று கவர்மென்ட் கொடுத்ததைத் தவிர அவன் கையில் எதுவும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு அணைக்கட்டு ஊரில் அவன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். டேனரி வேலையையும் விட்டுவிட்டான். நீ உண்மையைச் சொன்னால் அவனுக்குத்தான் நஷ்டம். செத்தவள் திரும்பி வரப் போவதில்லை. இருக்கிறவர்களை யோசி.

சின்ன வயதிலிருந்து உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

நசீர்


வேலூர்
23 டிசம்பர் 2024

பாய்ஜான்,

அருணகிரி வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்தார். உங்கள் கடிதம் அதற்கு முன்தினமே கிடைத்துவிட்டது. கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். இல்லை, கிடைத்தது. பலமுறை படித்தேன்.

என் கடிதத்தை மேஜைமேல் வைத்து, "இது உங்க கையெழுத்துதானுங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமா."

"வீட்டுக்காரருக்கு இதோட காப்பி குடுத்தீங்களா?"

நான் கடிதத்தில் இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அவரு உங்க அண்ணன்னு இப்பதான் கேள்விப்பட்டேன். அவசரமில்லைங்க. கீழ போய் ஒரு டீ சாப்ட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டார். அந்த மனிதர் எனக்கு நேரம் கொடுத்தார் பாய்ஜான். பொய் சொல்வதானால் சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டுப் போனார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் முழுவதும் நீங்கள் கேட்டபடியே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் கிருபானந்தத்தைப் பற்றி எழுதியது நியாயமாகவே பட்டது. உங்கள் கை, கோணல் எழுத்து, பரீட்சை எழுதாத அந்த வருஷம், எல்லாம் கண் முன்னால் நின்றன. 'கொடுக்கவில்லை' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கூடப் பார்த்தேன். யாரும் இல்லாத அறையில் அது சாதாரண வார்த்தையாகத்தான் இருந்தது.

அவர் திரும்பி வந்ததும், "குடுத்தேன் சார். நின்னுக்கிட்டே முழுசா படிச்சாரு" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. நேர்மை என்று சொன்னால் பாதி பொய். லைசென்ஸ் போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் வாய் திறந்தபோது என் மனதில் நின்றது ஜெபகனி போனில் சிரித்த சிரிப்புதான். உங்களுக்குத் தெரியாது என்று எழுதிவிட்டால், யாருக்குமே தெரியாமல், சும்மா மழையில் அவள் செத்துப்போனதாக ஆகிவிடும். அது மட்டும் என்னால் முடியவில்லை.

புதுப் பூச்சையும் படிவத்தையும் வைத்து எப்படியும் மறுத்திருப்பார்கள் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை. ஒருவேளை கொடுத்தும் இருப்பார்கள். அந்த ஒருவேளை இனி என்னோடுதான் இருக்கும்.

அக்சாவின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிருபானந்தத்துக்குச் சொல்லியனுப்பினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. உங்கள் பெயரை நான் சொல்லவில்லை.

நீங்கள் இதற்குப் பதில் எழுதமாட்டீர்கள். தெரியும்.

ஆஃப்ரீன்


ஆம்பூர்
16 பிப்ரவரி 2025

ஆஃப்ரீன்,

உன் கடைசிக் கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. உறையைப் பார்த்ததுமே என்ன எழுதியிருப்பாய் என்று தெரிந்துவிட்டது. கம்பெனியும் மறுத்துவிட்டது. அதற்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. நீ செத்தால்கூட வரமாட்டேன் என்று உன் பாபியிடம் சொன்னேன். அவள் ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

முன்பக்கத்தையும் நகராட்சி இடிக்கச் சொல்லி இடித்தாயிற்று. மனையைப் பேங்க் எடுத்துக்கொண்டது. மிஷின்களை விற்றுவிட்டேன். தைத்த பெண்கள் ஆளுக்கொரு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நான் வேறொருவர் யூனிட்டில் தோல் வெட்டப் போகிறேன். நின்று வெட்டுகிற பழக்கம் விட்டுப் போயிருந்தது, இப்போது கால் பழகிவிட்டது.

போன வாரம் அணைக்கட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து என்ன பேச வேண்டும் என்று சரிசெய்துகொண்டே போனேன். இன்ஜினியர் சர்டிபிகேட் கொடுத்தார், அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை, பொங்கல் கழித்துக் கட்ட இருந்தேன் என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

கிருபா அக்கா வீட்டு வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலி கொண்டுவந்து போட்டான். "பாபி எப்படி இருக்காங்க பாய்?" என்று கேட்டான். அக்சா ஸ்கூலுக்குப் போயிருந்தாள். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"பாய், ஒண்ணு கேக்கணும். அந்த சர்வேயரு இங்க வந்திருந்தாரு. செவுரு எப்ப பூசுனீங்க, யாரு பூசுனாங்கன்னு இன்னான்னவோ கேட்டாரு. எனக்குப் புரியல. அந்தச் செவுரு வுழும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பஸ்ஸில் சேர்த்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"தெரியும் கிருபா. ஆஃப்ரீன் எழுதியே குடுத்துச்சு. இன்சூரன்ஸ் கிடைக்கணும்னு பூசி மறைச்சிட்டேன்."

அவன் கத்துவான், கையில் இருக்கிறதை எடுத்து அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவன் கடலைத் தோலை ஒரு பக்கமாகத் தள்ளினான்.

"கிறிஸ்மஸ் ஸ்டாரு மாட்டணும், அந்தச் செவுத்துல ஒரு ஆணி அடின்னா. நாந்தான் வேணாம்னேன். புதுப் பூச்சு, ஆணி அடிச்சா பாய் பேஜாராயிடுவாருன்னேன். அதுக்கு எங்கூட சண்ட போட்டா. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பேசல."

எழுந்தான். "நீங்க கெளம்புங்க பாய். அக்சா வந்துரும். அது உங்களப் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்துவிட்டுப் போனது. ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வரத் தொடங்கிய பிறகுதான் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அக்சா அந்தக் கூட்டத்தில் இருந்தாளா என்று நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடைசிக் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். நீ அந்த அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்ததை எழுதியிருந்தாய். அந்த வார்த்தையை உன்னைச் சொல்லச் சொன்னவன் நான். அதை ஒருமுறைகூட நான் எனக்குச் சொல்லிப் பார்க்கவில்லை. கோபம் எல்லாம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். உன் மேல் கொஞ்சம் இருக்கிறது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

நேற்றுக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது மழையில செத்ததுன்னு முடிச்சாச்சே பாய். இப்ப எதுக்கு நீங்களா வந்து தலைய குடுக்குறீங்க? யாரு சொல்லி வந்தீங்க?" என்றார்.

"யாரும் சொல்லல சார். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். உன் பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது. உன்னைக் கூப்பிடுவார்கள். நீ அருணகிரியிடம் சொன்னதை அப்படியே சொல், ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. அக்சா படிப்புக்கு நீ செய்வதாகச் சொன்னதைக் கிருபா ஒத்துக்கொண்டான் என்று உன் பாபி சொன்னாள். அதில் என் பணம் எதுவும் சேர வேண்டாம். அவன் தொடமாட்டான்.

வக்கீலைப் பார்த்தேன். போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் எத்தனை நாள் ஆகும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ரம்ஜான் மாதம் வரப் போகிறது. உன் பாபி விடியுமுன் எழுந்து தனியாக ஸஹர் சாப்பாடு செய்து தனியாக நோன்பு திறப்பாள் என்பதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளிடம் இதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. என் துணிகளை மட்டும் தனியாக மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த வாரம் வா. அவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போன பிறகு வராதே. நான் வீட்டில் இருக்கும்போதே வா.

உன் அண்ணன்,
நசீர்